லா மாசியாவின் இளம் வீரர்களைக் கணிப்பது எப்படி

2014 ஏப்ரல் 14 அன்று சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் முதலாவது யுஇஎஃப்ஏ இளையோர் லீக்கின் இறுதிப் போட்டி நடந்தது. பார்சிலோனாவின் 18 வயது முன்கள வீரர் முனிர் எல் ஹத்தாதி நடுக்கோட்டுக்கு அருகிலிருந்தே பந்தைத் தூக்கி அடித்து, பென்ஃபிகா கோல்கீப்பரின் தலைக்கு மேலாக வலைக்குள் இறக்கினார். அந்தத் தொடரில் அவர் போட்ட கோல்கள் 11. ஆகஸ்டில் ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். செப்டம்பரில் ஸ்பெயின் தேசிய அணிக்கும் ஆடிவிட்டார். அடுத்த பத்தாண்டுக்கு ஒரு முன்கள வீரர் கிடைத்துவிட்டார் என்று பலரும் முடிவுகட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். 2019 ஜனவரியில் அவர் இன்னொரு ஸ்பானிய கிளப்பான செவில்லாவுக்குப் போனார். அங்கே நன்றாகவே ஆடினார், யூரோப்பா லீக் கோப்பையையும் வென்றார். ஆனாலும் பார்சிலோனாவின் முதல் அணியில் அவருக்கு நிலையான இடம் அமையவே இல்லை.

தவறு முனிரிடம் இல்லை, பார்த்தவர்களின் பார்வையில்தான் இருந்தது என்பது என் எண்ணம். கோலை எண்ணினோம், அந்தக் கோலுக்கு முன் அவருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது, தனக்குச் சமமான வேகமுள்ள தடுப்பாட்டக்காரர் எதிரில் நின்றால் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை. ஒரு கிளப்பின் அகாடமியில் வளரும் சிறுவர்களைப் பின்தொடர விரும்பும் ரசிகர், எதைப் பார்க்க வேண்டும், எதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பதை, எனக்கு மிகவும் பழக்கமான, பார்சிலோனாவின் அகாடமியான லா மாசியாவை வைத்து இங்கே எழுதுகிறேன். மற்ற கிளப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

லா மாசியா என்பது முதலில் ஒரு வீட்டின் பெயர். 1702இல் கட்டப்பட்ட அந்தப் பண்ணை வீடு, பார்சிலோனாவின் காம்ப் நோவ் மைதானத்துக்கு அருகில் இருக்கிறது. வெளியூர்களிலிருந்து வந்த சிறுவர்கள் தங்கிப் படிக்கும் விடுதியாக அது 1979இல் மாறியது. 2011இல் விடுதி நகருக்கு வெளியே, சான் ஜோன் தெஸ்பியில் உள்ள ஜோன் கேம்பர் பயிற்சி வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. பெயரும் கூடவே போனது. இன்று அகாடமி முழுவதையும் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

ஸ்பெயினில் வயதுப் பிரிவுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பத்து வயதுக்குட்பட்டோர் பெஞ்சமின், 12க்குட்பட்டோர் அலெவின், 14க்குட்பட்டோர் இன்ஃபான்டில், 16க்குட்பட்டோர் கதேதே, 19க்குட்பட்டோர் ஹுவெனில். இவற்றுக்கு மேலே, பெரியவர்களோடு மோதும் ரிசர்வ் அணியான பார்சா அத்லெதிக் இருக்கிறது. அலெவின் வரை அணிக்கு ஏழு பேர், இன்ஃபான்டிலில் இருந்து பதினொரு பேர். ஆகவே 11 வயதுச் சிறுவன் ஒருவன் கோல் மழை பொழியும் காணொளியைப் பார்க்கும்போது, அது சிறிய மைதானம், சிறிய கோல்கம்பம், ஏழு பேர் ஆட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வயதுக் காணொளிகளை நான் பார்த்து மகிழ்வதோடு சரி, குறிப்பு எதுவும் எழுதுவதில்லை. கதேதேக்குக் கீழே யாரையும் கணிக்க முயல வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

எங்கிருந்து தொடங்குவது என்றால் இளையோர் லீக்கிலிருந்து. 19 வயதுக்குட்பட்டோருக்கான இந்தத் தொடரில் பெரிய கிளப்புகளின் சிறுவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். உள்ளூர் லீக்கில் 6–0 என்று வெல்லும் ஆட்டத்தில் தெரியாத பலவீனங்கள் இங்கே வெளிப்பட்டுவிடும். போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பிய நேரப்படி பிற்பகலில் நடப்பதால் நமக்கு மாலையிலேயே பார்க்கக் கிடைக்கும், இரவு விழித்திருக்க வேண்டியதில்லை.

பெயருக்கு அருகில் பிறந்த மாதம்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பின்தொடர நினைக்கும் வீரரின் பெயரை எழுதியதும், பக்கத்தில் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் எழுதிவிடுங்கள். கணிப்பில் இதைவிட எளிதாகக் கிடைக்கும் உதவி வேறில்லை. ஸ்பெயினில் வயதுப் பிரிவு ஜனவரி 1இலிருந்து டிசம்பர் 31 வரை கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் ஆடுவார்கள்; 13 வயதில் அந்தப் பதினோரு மாத இடைவெளி, உயரத்திலும் ஓட்டத்திலும் தோள் வலிமையிலும் பெரிய வித்தியாசமாகத் தெரியும். உலகெங்கும் அகாடமிகளில் வயதுக் கணக்குத் தொடங்கும் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இடம்பிடிப்பதற்கு இதுவே காரணம். திறமை ஜனவரியில் அதிகமாகப் பிறப்பதில்லை, முதலில் வளர்ந்தவன் முதலில் கண்ணில் படுகிறான்.

எனவே ஒரே அணியில் இரண்டு பேர் ஏறக்குறைய சமமாக ஆடினால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவரையே நான் கூடுதலாகக் கவனிப்பேன். லா மாசியாவிலிருந்து முதல் அணிக்கு வந்தவர்களில் லாமின் யமால் ஜூலையில் பிறந்தவர், காவி ஆகஸ்டில், செர்ஜியோ புஸ்கெட்ஸ் ஜூலையில். இதைத் திருப்பிப் போட்டு, ஜனவரியில் பிறந்தவர்களையெல்லாம் உடல் பலத்தால் மட்டும் ஆடுபவர்கள் என்று தள்ளிவிடவும் கூடாது. அதே அகாடமியில் வளர்ந்த நடுக்கள வீரர் சாவியும் தடுப்பாட்டக்காரர் பாவ் குபார்சியும் ஜனவரியில் பிறந்தவர்களே. அவர்களுடைய ஆட்டத்தில் உடல் பலம் எந்தக் காலத்திலும் முதன்மையாக இருந்ததில்லை.

பிறந்த மாதத்தோடு சேர்த்து, அவரை எந்தப் பிரிவில் ஆடவிடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுவனைப் பற்றி கிளப்புக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பயிற்சியாளர்களின் பேட்டியைவிட இது நேர்மையாகச் சொல்லும். கதேதே வயதில் இருக்கும்போதே யமால் ஹுவெனில் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெத்திஸுக்கு எதிராக முதல் அணிக்காக இறங்கியபோது அவருக்கு 15 வயது 9 மாதம். சமவயதுக்காரர்களிடையே தினமும் ஜொலிப்பவரைவிட, தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களிடையே திணறித் திணறித் தேறி வருபவரே எனக்கு நம்பிக்கை தருகிறார்.

ஒரு ஆட்டத்தில் ஒரு வீரர்

இந்த வழிகாட்டியின் மையமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டத்தைப் பார்க்கும்போது நம் கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். அதை அடக்கி, பத்து நிமிடம் ஒரே ஒரு வீரரை மட்டும் பார்க்கப் பழகுங்கள். பந்து அவரிடம் இல்லாத நேரமே இதில் முக்கியம். தொலைக்காட்சியின் கேமரா பந்தோடு போய்விடும் என்பதால், நடுக்கள வீரரைத் தேர்ந்தெடுப்பது எளிது. அவர் பெரும்பாலும் திரையிலேயே இருப்பார்.

பந்து அவரிடம் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நான்கு வினாடிகளில் அவருடைய தலையைப் பாருங்கள். நல்ல நடுக்கள வீரர் பந்தை விட்டுப் பார்வையை எடுத்து, இடத் தோளுக்கு மேலாக ஒருமுறை, வலத் தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்ப்பார். பந்து உருண்டு வரும்போதே இன்னொருமுறை பார்ப்பார். அந்த எண்ணிக்கையை நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதைப் படம்பிடித்து ஆராய்ந்து, அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் கூடுதலாக இலக்கை அடைகின்றன என்று காட்டியிருக்கிறார். சாவியின் ஆட்டத்தை ஒருமுறை இப்படிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலை அசைவு மறக்காது. மரக்கிளையில் உட்கார்ந்த குருவி போல அது ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அடுத்ததாக, பந்தை வாங்கும்போது உடல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எந்தக் காலில் வாங்குகிறார் என்று பாருங்கள். தன் கோல்கம்பத்தைப் பார்த்தபடி, பந்துக்கு அருகில் உள்ள காலில் வாங்கினால், வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது. உடலைப் பாதி திருப்பி, தொலைவில் உள்ள காலில் வாங்கினால், முதல் தொடுதலிலேயே முன்னால் போய்விடலாம். லா மாசியாவில் சின்ன வயதிலிருந்தே இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். வட்டமாக நிற்பவர்கள் பந்தைக் கடத்திக்கொண்டே இருக்க, நடுவில் நிற்பவர்கள் அதைப் பறிக்க முயலும் ரோண்டோ பயிற்சியை 1970களில் அங்கே கொண்டுவந்தவர் பயிற்சியாளர் லாவுரேயானோ ருயிஸ். அதைக் கிளப்பின் இயல்பாகவே ஆக்கியவர் 1988இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்த முன்னாள் வீரர் யோஹான் க்ரைஃப். ரோண்டோ காணொளி கிடைத்தால் காலை விட்டுவிட்டு, பந்து தன்னிடம் வராத நேரத்தில் ஒவ்வொருவரும் எடுத்துவைக்கும் அரையடி நகர்வைப் பாருங்கள். அந்த அரையடிதான் பாஸ் கொடுப்பவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

மூன்றாவதாக, பந்தை இழந்த பிறகு வரும் ஐந்து வினாடிகள். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, தலையைக் குனிந்து நடக்கிறாரா, உடனே திரும்பி ஓடுகிறாரா என்பதை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். ஒரு ஆட்டத்தில் இது தற்செயலாக இருக்கலாம். நான்கைந்து ஆட்டங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் அதுவே அவருடைய பழக்கம்.

மைதானத்தின் ஓரங்களில் தாக்கி ஆடும் விங்கர்களைப் பார்க்கும்போது அவர் எத்தனை பேரைத் தாண்டினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது தடுப்பாட்டக்காரர் உதவிக்கு வந்த பிறகு என்ன செய்தார் என்பதையே பாருங்கள். இளையோர் ஆட்டத்தில் வேகத்தாலேயே தாண்டிவிடலாம், முதல் அணியில் எல்லோரும் வேகமானவர்கள். 2024 ஜூலை 9 அன்று யூரோ அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக யமால் போட்ட கோலை மீண்டும் பாருங்கள்: 16 வயது 362 நாள் ஆன அவர் யாரையும் ஓடித் தாண்டவில்லை. உடலசைவால் எதிராளியை அரை நொடி தயங்கவைத்து, அந்த இடைவெளியில் இடக்காலால் வளைத்து அடித்தார், பந்து கம்பத்தில் உரசி உள்ளே போனது. வேகத்தை மட்டும் நம்பாதவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நடுத் தடுப்பாட்டக்காரர்களிடம் சறுக்கித் தட்டிப் பறிப்பதைவிட முன்னோக்கிக் கொடுக்கும் பாஸையே முதலில் பார்க்கிறேன். குபார்சி 2024 ஜனவரியில், 17 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது முதல் அணிக்கு வந்தார். மார்ச்சில் நபோலிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் விக்டர் ஒசிமெனுக்கு எதிராக நின்று, ஆட்ட நாயகனாகவும் தேர்வானார். நெருக்கடியில் பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி அடிக்காமல், எதிரணியின் இரண்டு வீரர்களுக்கு நடுவே தரையோடு அனுப்பும் துணிவு அவரிடம் அன்றே இருந்தது. கோல்கீப்பர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள். அவர்களைப் பற்றி 19 வயதுக்கு முன்னால் கருத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

உடலும் மனமும்

13 முதல் 15 வயதுக்குள் ஒரு சிறுவன் சில மாதங்களிலேயே பல சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவான். அந்தக் காலத்தில் நேற்றுவரை அழகாகப் பந்தை அடக்கியவன் இன்று தடுமாறுவான். கால்கள் நீண்டுவிட்டன, மூளை இன்னும் பழைய அளவையே நினைத்துக்கொண்டிருக்கிறது. முழங்கால் சிப்பிக்குக் கீழே வலியும் வரலாம். ஒருவர் திடீரென்று மங்கினால், குறிப்பில் எதிர்மறையாக எழுதுவதற்கு முன் ஆறேழு மாதம் காத்திருங்கள்.

பெரிய காயங்களுக்குக் காத்திருப்பது இன்னும் கடினம். அன்சு ஃபாத்தி 16 வயதில் முதல் அணிக்கு வந்து கோல்களாகக் குவித்தார். 2020 நவம்பரில் முழங்காலில் பட்ட காயம் அவருடைய பாதையையே மாற்றிவிட்டது. மார்க் பெர்னால் 17 வயதில், 2024 ஆகஸ்டில் முதல் அணிக்காக ஆடிய மூன்றாவது லீக் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். எந்தக் கணிப்பிலும் இதற்கு இடமில்லை.

மனதுக்கும் இப்படியே. போயான் கிர்கிச் 17 வயதில் முதல் அணிக்கு வந்தபோது, அவரை அடுத்த மெஸ்ஸி என்றார்கள். 2008 யூரோ தொடருக்கு அவர் போகாததற்கு அன்று வேறு காரணம் சொல்லப்பட்டது. மனப்பதற்றம் தன்னை வாட்டியதே உண்மை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாகப் பேசினார். ஆகவே, யாரையும் இன்னொருவரின் பெயரால் அழைக்காதீர்கள். ஒரு சிறுவனின் மோசமான ஆட்டத்தைப் பற்றி அவனுடைய சமூக வலைதளப் பக்கத்தில் போய் எழுதாதீர்கள். அதை அவன் படிப்பான், அவனுக்கு வயது பதினாறு. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ரிசர்வ் அணியை எப்படிப் படிப்பது

ஸ்பெயினில் ரிசர்வ் அணிகள் பெரியவர்களின் லீக்கிலேயே ஆடுகின்றன; முதல் அணி இருக்கும் பிரிவுக்கு மட்டும் ஏற முடியாது. 18 வயதுப் பையன் 30 வயதுத் தடுப்பாட்டக்காரரின் முழங்கையைச் சந்திக்கும் இடம் இது என்பதால், ஹுவெனில் ஆட்டங்களைவிட இவற்றை மதித்துப் பாருங்கள். ஆனால் புள்ளிப்பட்டியலைப் பார்த்துத் தலைமுறையை எடைபோடாதீர்கள். 2025 ஏப்ரல் 28 அன்று பார்சிலோனாவின் ஹுவெனில் அணி டிராப்ஸோன்ஸ்போரை 4–1 என்று வென்று இளையோர் லீக்கை மூன்றாவது முறையாகக் கைப்பற்றியது. சில வாரங்களிலேயே பார்சா அத்லெதிக் நான்காம் நிலைப் பிரிவுக்கு இறங்கியது. அகாடமி சீரழிந்துவிட்டது என்பதல்ல இதன் பொருள். வயதுப்படி கீழ் அணிகளில் இருக்க வேண்டிய யமாலும் குபார்சியும் அந்த ஆண்டு முதல் அணியில் லா லிகாவை வென்றுகொண்டிருந்தார்கள்.

2007–08இலும் ரிசர்வ் அணி இதேபோல் நான்காம் நிலையில்தான் இருந்தது. பெப் குவார்டியோலா பொறுப்பேற்று அதை மேலே ஏற்றினார். அந்த அணியில் சிறு ஊர் மைதானங்களில் ஆடிய புஸ்கெட்ஸும் பெத்ரோவும் 2010 ஜூலையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் முதல் பதினொருவரில் இருந்தார்கள். அன்று அந்த அணியின் ஆட்டங்களைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத்தான் அவர்கள் முன்பே தெரிந்திருந்தார்கள்.

ஜெர்சி எண்ணும் ஒரு தகவல். லா லிகாவில் 1 முதல் 25 வரை முதல் அணியில் பதிவானவர்களுக்கு. 26 அல்லது அதற்கு மேல் அணிபவர் இன்னும் கீழ் அணியின் பதிவில் இருக்கிறார். யமால் முதல் ஆட்டத்தில் அணிந்தது 41. அப்படிப்பட்ட எண்ணோடு ஒருவர் பெஞ்சில் அடிக்கடி தென்பட்டால், உடனே அவருடைய இளையோர் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்.

சில வேளைகளில் ஒருவர் அணிப் பட்டியலிலிருந்து காரணமே தெரியாமல் மறைவார். காரணம் காகிதத்தில் இருக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகளோடு, ஃபிஃபா தடை செய்கிறது. அந்த விதியை மீறியதற்காகப் பார்சிலோனா 2014இல் தண்டிக்கப்பட்டது. 2011இல் லா மாசியாவில் சேர்ந்த ஜப்பானியச் சிறுவர் தாகேஃபுசா குபோ ஆட முடியாமல் 2015இல் நாடு திரும்பினார். அவருடைய திறமையில் குறை எதுவும் இருக்கவில்லை என்பதை, பின்னாளில் அவர் ஆடிய ஸ்பானிய கிளப்பான ரியல் சொசியெதாத்தின் ரசிகர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தை மூடிவிடாதீர்கள்

ஒருவரைக் கடனாக வேறு கிளப்புக்கு அனுப்பினால், பலரும் அவருடைய கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். நான் அப்போதுதான் நோட்டில் புதுப் பக்கம் தொடங்குகிறேன். அங்கே எத்தனை நிமிடம் ஆடினார், 90 நிமிடமும் நிற்கிறாரா, அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது பந்தைக் கேட்டு வாங்குகிறாரா ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை எழுதுகிறேன். ஃபெர்மின் லோபஸ் என்ற நடுக்கள வீரர் 2022–23இல் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிய லினாரெஸ் கிளப்புக்கு அனுப்பப்பட்டார். அடுத்த கோடையில் திரும்பி வந்து பயிற்சி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் போட்டார், முதல் அணியிலேயே தங்கிவிட்டார். 2024இல் யூரோ கோப்பை வென்ற அணியில் இருந்தார். அதே கோடையில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரான்ஸுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்துத் தங்கமும் வென்றார். இப்போது கடனாகப் போயிருக்கும் பையன்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் இருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று இன்றே குறித்து வையுங்கள்.